ஊட்டிக்குப் போய் ஜெயித்தே ஆக வேண்டும்: கீழே இறங்கும் நிலையில் இருக்கிற டீமுக்கான முழு வழிகாட்டி

மாவட்ட கால்பந்து லீக்கில் உங்கள் டீம் கடைசிக்கு முந்தின இடத்தில் நிற்கிறது, ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அதுவும் சொந்த கிரவுண்டில் இல்லை, ஊட்டிக்கு ஏறிப் போக வேண்டும், எதிரில் நிற்கப் போவது பட்டியலில் மேலே இருக்கிற டீம். டிரா ஆனாலும் அடுத்த வருஷம் பி டிவிஷன்தான். கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கத்து எஸ்டேட் டீம்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், உயரத்தைப் பற்றிச் சொல்வது மட்டும் அவர்களுக்கு அவ்வளவாக வேண்டாம்.

இப்படி ஒரு ஆட்டம் வந்தால் டீக்கடையிலும் லைன் வீட்டு வாசலிலும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இழக்க என்னடா இருக்கு, முதல் நிமிஷத்துலருந்தே ஏறி அடிங்க." கேட்க நன்றாக இருக்கும். பலமான டீமுக்கு எதிராக, அதுவும் அவர்கள் கிரவுண்டில், ஆரம்பத்திலேயே ஏறி அடிக்கப் போனால் பின்னால் நாற்பது மீட்டர் காலி இடம் கிடக்கும். அவர்களுக்கு வேண்டியதே அதுதான். ஜெயிப்பது என்றால் கடைசி விசில் ஊதும்போது ஒரு கோல் கூடுதலாக இருப்பது, அவ்வளவே. அந்தக் கோல் 8-ஆம் நிமிஷத்தில் விழுந்தாலும் மூன்று புள்ளி, 88-இல் விழுந்தாலும் மூன்று புள்ளி. அதனால் நான் சொல்லப் போவது இதைத்தான்: முதல் ஒரு மணி நேரம் ஆட்டத்தை உயிரோடு வைத்திருங்கள், ரிஸ்க்கைக் கடைசி அரை மணிக்குச் சேர்த்து வையுங்கள், எந்த நிமிஷத்தில் எந்த ரிஸ்க் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு உதாரணம். 1989 மே 26, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம். சாம்பியன் பட்டம் வேண்டுமென்றால் ஆர்சனல் அங்கே போய் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். அவர்கள் பயிற்சியாளர் ஜார்ஜ் கிரஹாம் என்ன செய்தார்? டேவிட் ஓலியரியையும் சேர்த்து மூன்று ஸ்டாப்பர்களை (நடுவில் நிற்கிற டிஃபென்டர்களை) நிறுத்தினார். இரண்டு கோல் வேண்டிய டீம் பின்னால் ஒரு ஆளைக் கூட்டுகிறது! இடைவேளையில் 0-0. 52-ஆம் நிமிஷம் ஒரு ஃப்ரீ கிக்கில் ஆலன் ஸ்மித் தலையால் ஒன்று, 90 நிமிஷம் முடிந்து ரெஃப்ரி சேர்த்த கூடுதல் நேரத்தில் மைக்கேல் தாமஸ் ஒன்று. 2-0. அது பட்டத்துக்கான ஆட்டம், நம்முடையது கீழே இறங்காமல் இருப்பதற்கானது, ஆனால் கணக்கு ஒரே கணக்குதான்.

முதலில் விதித்தாளை வாசியுங்கள்

சிரிக்காதீர்கள். ஒரு கோல் வித்தியாசம் போதுமா, இரண்டு வேண்டுமா என்று தெரியாமலே கிரவுண்டில் இறங்கும் டீம்கள் உண்டு. புள்ளி சமமாக வந்தால் லீக் எதைப் பார்க்கிறது, கோல் வித்தியாசத்தையா, இரண்டு டீமும் மோதிய ஆட்டத்தையா? ஆட்டம் 90 நிமிஷமா, 70-ஆ? எத்தனை பேரை மாற்றலாம், வெளியே வந்தவன் திரும்ப இறங்கலாமா? மஞ்சள் கார்டு சேர்ந்து இந்த ஆட்டத்துக்கு வெளியே உட்கார வேண்டியவன் யாராவது இருக்கிறானா? இதையெல்லாம் சங்கத்துக்காரர்களிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கீழே 90 நிமிஷத்தை வைத்துப் பேசுகிறேன், உங்கள் ஆட்டம் சின்னது என்றால் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் வேறு கிரவுண்டில் நடக்கிற ஆட்டத்தின் ஸ்கோரைக் கேட்க ஒரே ஒருவரை நியமியுங்கள், அவர் பெஞ்சில் உட்காரக் கூடாது. 75-ஆம் நிமிஷம் வரை அந்த ஸ்கோர் ஒரு ஆட்டக்காரன் காதிலும் விழக் கூடாது.

எதிரணியை ஒரு தடவையாவது நேரில் பாருங்கள்

போன வாரம் அவர்கள் எத்தனை கோல் அடித்தார்கள் என்பதால் நமக்குப் பயனில்லை. பார்க்க வேண்டியவை வேறு. கீப்பர் கிராஸ் வந்தால் வெளியே வந்து பிடிக்கிறாரா, கோட்டிலேயே நிற்கிறாரா? இரண்டு ஸ்டாப்பர்களில் யாருக்குத் திரும்பி ஓடுவது கஷ்டம்? எந்தப் பக்கத்து பேக் (ஓரத்து டிஃபென்டர்) பந்து கிடைத்ததும் மேலே ஓடிவிட்டு நடந்து திரும்பி வருகிறான்? நெருங்கினால் பதறி யோசிக்காமல் தூக்கி அடிப்பவன் யார்? இந்த நாலு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி திட்டம் தயார். ஒருவரைப் படியில் மேலே உட்கார வைத்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், பந்தை மட்டும் துரத்திக்கொண்டு போகாமல் அவர்கள் டிஃபென்ஸ் முழுதும் தெரிகிற மாதிரி.

இன்னொன்று, இந்த ஆட்டத்தில் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். ஏற்கெனவே இடம் உறுதியான டீம் என்றால் இடைவேளைக்குப் பிறகு சோர்வார்கள், இளம் பையன்களை இறக்குவார்கள். பட்டத்துக்கு ஆடுகிறார்கள் என்றால் 0-0 என்பது அவர்களுக்கும் உறுத்தும், 60-ஆம் நிமிஷத்துக்கு மேல் அவர்களே முன்னால் வந்து இடம் திறப்பார்கள். இரண்டும் நமக்கு லாபம்தான். இரண்டிலும் அதுவரை கோல் வாங்காமல் இருக்க வேண்டும்.

ஊட்டியின் காற்று

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். 1970-லும் 1986-லும் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய அதே உயரம். கூடலூர் ஆயிரம் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் கூடலூரில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இது லா பாஸ் இல்லை. 3,600 மீட்டரில் இருக்கிற அந்த ஊரில் 2009-இல் மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா, பொலிவியாவிடம் 6-1 என்று தோற்றது. அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் நடுவட்டம் தாண்டி ஏறிப் போகிற டீம் இரண்டு விஷயங்களை உணரும்.

ஒன்று மூச்சு. ஒரு முறை முழு வேகத்தில் ஓடினால் கூடலூரில் சீக்கிரம் அடங்குகிற இரைப்பு, ஊட்டியில் அடங்க நேரம் எடுக்கும். முதல் நாளே போய்த் தங்கினால் பழகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். உடம்பு உண்மையில் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும், ஒரு ராத்திரி லாட்ஜில் குளிரில் தூங்காமல் கிடப்பதால் வரும் நஷ்டமே அதிகம். அன்று காலையே கிளம்புங்கள். ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதை, இரண்டு மணி நேரமாவது வையுங்கள், கிக் ஆஃபுக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்கிற மாதிரி. வளைவில் வாந்தி எடுக்கிற பையன் ஒவ்வொரு டீமிலும் ஒருவன் இருப்பான், அவனுக்கு முன் சீட். கிளம்பும்போது இரண்டு இட்லி, மிச்சத்தை ஊட்டியில் இறங்கிச் சாப்பிடட்டும். குளிரில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீரைக் கையில் கொடுத்துக் குடிக்க வையுங்கள்.

இரண்டாவது விஷயம், பந்து. காற்று லேசானால் பந்து வேகமாகவும் தூரமாகவும் போகும், அதோடு வளைவது குறையும். நம் ஊரில் விங்கை நோக்கி அடிக்கிற அதே நீள பாஸ் அங்கே டச்லைனைத் தாண்டிவிடும். நம்மிடம் வளைந்து உள்ளே வருகிற கார்னர் அங்கே நேராகப் போய் இரண்டாவது போஸ்ட்டுக்கு வெளியே விழும். ஆகவே வார்ம் அப்பில் ஓடிக்கொண்டே இருக்காமல் பதினைந்து நிமிஷத்தைப் பந்துக்கு ஒதுக்குங்கள்: கீப்பருக்கு இருபத்தைந்து மீட்டரிலிருந்து ஷாட், கார்னர் எடுப்பவனுக்கு இரண்டு பக்கத்திலும் சில கார்னர், ஸ்டாப்பர்களுக்கு நீள பாஸ். முடிந்தால் அவர்கள் ஆடப் போகிற பந்தையே கேட்டு வாங்குங்கள். கீழே காற்றடித்துக் கொண்டு போன பந்து மேலே சற்று இறுகும், வெளியே அழுத்தம் குறைகிறதல்லவா.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. "டிஃபென்ஸ் ஆடு" என்றால் நம் பையன்கள் பெனால்டி பாக்ஸுக்குள் போய்க் குவிந்துகொள்வார்கள், ஊட்டியில் அது தற்கொலை. தூரத்து ஷாட் வேகமாக வரும், ஈரப் பந்து என்றால் வழுக்கும், கீப்பருக்கு முன்னால் எட்டுப் பேர் மறைத்து நிற்பார்கள். பாக்ஸுக்கு வெளியே இருபத்தைந்து மீட்டரில் யாரையும் சும்மா நின்று அடிக்க விடாத மாதிரி உங்கள் டிஃபென்ஸ் கோடு இருக்க வேண்டும்.

நிற்கும் இடம்

ஐந்து பேர் பின்னால், நாலு பேர் நடுவில், ஒருவன் முன்னால். 5-4-1 என்றதும் பயந்த ஆட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மூன்று ஸ்டாப்பர் வைத்தும் ஜெயிக்கலாம். 2012-இல் கீழே இறங்கும் நிலையில் இருந்த இங்கிலாந்து டீம் விகன், ராபர்டோ மார்டினஸின் பயிற்சியில் மூன்று பேர் டிஃபென்ஸோடு ஆடிக் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் ஜெயித்தது, அதில் லிவர்பூல், ஆர்சனல் இரண்டையும் அவர்கள் மைதானத்திலேயே வீழ்த்தியது. விங் பேக் இருவரும் (ஐந்து பேரில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள்) எப்போது ஏறுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏறும்போது அது 3-4-3, இறங்கும்போது 5-4-1.

முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே முப்பது மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வரிசைக்கும் வரிசைக்கும் பத்துப் பன்னிரண்டு மீட்டர். ஸ்ட்ரைக்கர் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் நின்று காத்திருக்கட்டும், அவர்கள் ஸ்டாப்பர்கள் தங்களுக்குள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் தட்டட்டும். நடு வழியை அடையுங்கள், பந்து ஓரத்துக்குப் போகட்டும். ஓரத்துக்குப் போனதும் மொத்த டீமும் அந்தப் பக்கம் நகரும், எதிர்ப் பக்கத்து விங் பேக்கூட மைதானத்தின் நடுவரை வந்துவிடுவான்.

செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்) ஆடிப் பழகிய பையன்களுக்கு இது மிகவும் கஷ்டம். நம்ம பக்கம் மலப்புறமும் வயநாடும் தொட்டுக்கொண்டு இருப்பதால் பந்தைக் கண்டால் துரத்துவது ரத்தத்தில் இருக்கிறது. அந்தத் துடிப்பு வேண்டும், ஆனால் எப்போது பாய்வது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்று சமயங்களில் மட்டும் பாயலாம்: எதிராளியின் முதல் டச் காலை விட்டு விலகினால், பந்து வாங்குபவன் தன் கோலைப் பார்த்துத் திரும்பி நின்றால், அவர்கள் தங்கள் பாதியில் த்ரோ எடுத்தால். வேறு சமயத்தில் தனியாகப் பாய்பவனை அடுத்த த்ரோவுக்குள் கத்தித் திருப்புங்கள்.

ஆஃப்சைடு வலை விரிக்கலாமா, அதாவது டிஃபென்ஸ் மொத்தமும் முன்னேறி எதிராளியை ஆஃப்சைடில் விடலாமா என்று கேட்பார்கள். 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா மேலே கோடு போட்டு நின்று, அர்ஜென்டினாவின் கோல்கள் மூன்று ஆஃப்சைடில் போனதைப் பார்த்த எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு. அங்கே வீடியோ ரெஃப்ரி இருந்தார். மாவட்ட லீக்கில் மூடுபனிக்குள் கொடி பிடித்து நிற்கிற ஒருவரின் கண்ணை நம்பி உங்கள் வருஷத்தையே வைக்காதீர்கள்.

பந்து நம் காலில் வந்தால்

முதல் பாஸ் முன்னால். ஸ்ட்ரைக்கர் காலுக்கு, அல்லது ஏறிப் போன அவர்கள் பேக் விட்டுச் சென்ற காலி இடத்துக்கு. நான் முன்பு பார்க்கச் சொன்ன அந்த நடந்து திரும்பி வருகிற பேக் நினைவிருக்கிறதா, அவன் பக்கத்தில்தான் உங்கள் வேகமான பையனை நிறுத்த வேண்டும். பந்தோடு சேர்ந்து மூன்று பேர் ஓட வேண்டும்: ஒருவன் ஸ்ட்ரைக்கரைத் தாண்டி, ஒருவன் எதிர் ஓரத்தில், ஒருவன் பின்னால் ஆதரவாக. மற்ற ஆறு பேர் நகர்வார்கள், ஓட மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் ஷாட் வரவில்லையா, அவசரப்பட்டு நடுவில் இழக்காமல் ஓரத்துக்குக் கொண்டுபோய் ஒரு த்ரோவோ கார்னரோ வாங்குங்கள்.

கோல் வரப் போவது இங்கிருந்துதான்

பலவீனமான டீமுக்குத் திறந்த ஆட்டத்தில் ஒரு நாளில் இரண்டு மூன்று வாய்ப்புதான் வரும். நின்ற பந்தில் (கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ) வித்தியாசம் குறைகிறது: பந்து நிற்கிறது, எதிராளியின் திறமை அங்கே நிற்கிறது, நீங்கள் நினைத்த இடத்தில் உங்கள் ஆள் நிற்கிறான். 2004 யூரோ கோப்பையில் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) கிரீஸ் இறுதியாட்டத்தில் போர்ச்சுகலை அவர்கள் நாட்டிலேயே 1-0 என்று தோற்கடித்தது ஒரு கார்னரில், கரிஸ்டியாஸின் தலையில். 2016-இல் ஐஸ்லாந்து இங்கிலாந்துக்கு எதிராக முதல் கோலை அடித்தது ஆரோன் குன்னர்சனின் நீள த்ரோவில் தொடங்கி.

கடைசி வாரத்தில் இரண்டு சாயங்காலம் முழுக்க இதற்கே ஒதுக்குங்கள், ஓட்டப் பயிற்சியைக் குறைத்தாலும் பரவாயில்லை. எஸ்டேட் கிரவுண்டில் கார்னர் அடித்துப் பழகினால் பாதிப் பந்து தேயிலைக்குள் போய்விடும், எடுத்துப் போட இரண்டு பொடியன்களை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் பத்துக் கார்னர்கூட ஆகாது. நிறைய திட்டம் வேண்டாம். இரண்டு கார்னர், ஒரு த்ரோ, ஒரு ஃப்ரீ கிக். அதற்கு மேல் சொன்னால் பதற்றத்தில் எல்லாம் கலந்துவிடும்.

கார்னரில் ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். உங்களில் தலையில் நன்றாக வாங்குகிற நாலு பேர் பெனால்டி புள்ளிக்கு நாலு மீட்டர் பின்னால், ஒருவன் பின் ஒருவனாக வரிசையில் நிற்கட்டும். வரிசையில் நின்றால் யார் எங்கே ஓடுவான் என்று மார்க் செய்பவனுக்குத் தெரியாது. ஐந்தாவது ஆள் கீப்பருக்கு முன்னால், கையைத் தூக்காமல், தள்ளாமல், சும்மா நிற்க வேண்டும். நகர்ந்து போய் வழியை மறித்தால் ஃபவுல், முன்பே நின்ற இடத்தில் நிற்பது ஃபவுல் இல்லை. கார்னர் எடுப்பவன் கையைத் தூக்கி இறக்கியதும் வரிசை உடைகிறது: முதல் ஆள் ஃபர்ஸ்ட் போஸ்ட்டுக்கு, இரண்டாவது ஆள் செகண்ட் போஸ்ட்டுக்கு, மூன்றாவது ஆள் முதலாமவன் பின்னாலேயே போய் ஆறு கெஜக் கோட்டில் (கோலுக்கு முன்னால் உள்ள சின்னப் பெட்டியின் கோடு) நிற்பான், நாலாவது ஆள் ஒரு விநாடி தாமதித்து அவர்கள் காலி செய்த நடு இடத்துக்குப் பாய்வான். பந்து அவனுக்குத்தான். பாக்ஸ் விளிம்பில் ஒருவன், தெறித்து வருவதை அடிக்க. ஊட்டியில் நேராகப் போகிற பந்து என்பதால் எடுப்பவன் வளைவை நம்பாமல் பெனால்டி புள்ளிக்கும் ஆறு கெஜக் கோட்டுக்கும் நடுவே வேகத்தைக் குறைத்துப் போடட்டும். கீப்பர் கோட்டிலேயே நிற்கிறவர் என்றால் இன்னும் ஒரு மீட்டர் உள்ளே போடலாம். பாக்கி இருப்பதில் இரண்டு பேர் நடுக்கோட்டில் கட்டாயம் நிற்க வேண்டும், அவர்கள் ஸ்ட்ரைக்கரை ஒட்டி.

நீள த்ரோ எறிகிறவன் உங்களிடம் இருந்தால் அது இன்னொரு கார்னர், அதிலும் த்ரோவிலிருந்து நேராக வாங்கினால் ஆஃப்சைடே கிடையாது. ஆகவே இரண்டு பேரைக் கோல் கோட்டை ஒட்டியே நிறுத்தலாம். மழையில் பந்து வழுக்கும், பெஞ்சுக்குப் பக்கத்தில் மட்டுமில்லாமல் இரண்டு டச்லைனிலும் துண்டு வையுங்கள், ரெஃப்ரியிடம் முன்பே சொல்லிவிட்டு.

ஃப்ரீ கிக்கில் வளைத்துப் போடும் ஆசையை விடச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து என்றால் தரையோடு வேகமாக, பாக்ஸ் ஓரத்திலிருந்து என்றால் கூட்டத்துக்குள் தாழ்வாக. ஆர்சனலின் அந்த 52-ஆம் நிமிஷக் கோல் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கில் (யாரும் தொடாமல் நேராகப் போனால் கோல் ஆகாது) வந்தது, ஸ்மித் லேசாகத் தலையைக் கொடுத்தார், அவ்வளவுதான். பெனால்டி கிடைத்தால் யார் என்பது ஒரு பெயர், அவன் வெளியே போயிருந்தால் இன்னொரு பெயர், இரண்டும் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். கிரவுண்டில் நின்று பேசி முடிவு செய்யக் கூடாது.

நிமிஷக் கணக்கு

முதல் 15: மூச்சு பிடிக்கும் வரை சும்மா இருங்கள். பந்து கிடைத்தால் நீளமாக அவர்கள் பேக் பின்னால். கூட்டம் கத்தி அடங்கட்டும்.

15-லிருந்து 45 வரை அதே அமைப்பு, கூடவே நின்ற பந்து எது கிடைத்தாலும் முழு ஆட்களோடு. இடைவேளைக்கு 0-0 என்று போனால் திட்டம் சரியாகப் போகிறது என்று பொருள், பையன்கள் முகத்தைத் தொங்கப் போட்டு வருவார்கள், கோல் வரவில்லையே என்று. அங்கே நீண்ட பேச்சு வேண்டாம். முதல் ஐந்து நிமிஷம் தண்ணீர், வாழைப்பழம், காய்ந்த ஜெர்சி. அப்புறம் கேப்டனிடம், "தம்பி, அவங்க ரைட் பேக் எப்படி?" என்று கேளுங்கள். "அண்ணா, அவன் இரைக்கிறான், திரும்பி வர மாட்டேங்கிறான்" என்பான். அவ்வளவு போதும், இரண்டாவது பாதியின் முதல் பந்து எங்கே போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

60-ஆம் நிமிஷம், இன்னும் 0-0: களைத்த விங் பேக்கை எடுத்துவிட்டு விங்கில் ஓடுகிற புது ஆளை இறக்குங்கள், மற்றவன் பின்னால் நிற்கட்டும், 4-4-2 ஆகட்டும். 2022-இல் ஜப்பான் ஜெர்மனிக்கு எதிராக ஒரு கோல் பின்னால் இருந்தபோது பயிற்சியாளர் மொரியாசு பெஞ்சிலிருந்து இறக்கிய டோவானும் அசானோவும்தான் இரண்டு கோலையும் அடித்தார்கள். உங்கள் வேகமான பையனை முதலிலிருந்தே ஆட வைக்காமல் இதற்காக வைத்திருப்பது நல்ல யோசனை, ஆனால் அவனிடமும் அவன் அப்பாவிடமும் முதல் நாளே காரணம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பெஞ்சில் ஒரு மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு இறங்குவான்.

75: இன்னொரு ஸ்ட்ரைக்கர், மூன்று பேர் டிஃபென்ஸ். மற்ற கிரவுண்டின் ஸ்கோரை இப்போது பயிற்சியாளர் மட்டும் கேட்டுக்கொள்ளலாம். 85: உங்கள் உயரமான ஸ்டாப்பர் முன்னால் போகிறான், ஒவ்வொரு பந்தும் அவன் தலைக்கு, சுற்றி மூன்று பேர் அங்கிருந்து தெறித்து விழுகிற பந்துக்கு. அழகு பார்க்காதீர்கள். கூடுதல் நேரத்தின் கடைசி கார்னருக்கு கீப்பரும் போகலாம். 1999-இல் கார்லைல் யுனைட்டெட் லீக்கை விட்டே வெளியேற இருந்தபோது கூடுதல் நேரத்தில் கோல் அடித்துக் காப்பாற்றியது ஜிம்மி கிளாஸ் என்ற கீப்பர்தான், அவரும் கடனாக வாங்கி வந்தவர்.

திட்டம் கலைந்தால்

அவர்கள் முதலில் அடித்துவிட்டால் பத்து நிமிஷம் எதையும் மாற்றாதீர்கள். கோல் வாங்கின வேகத்தில் ஏறிப் போய்த்தான் பல டீம் இரண்டாவதையும் வாங்குகிறது. 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி டீம் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே கோல் வாங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்தது. நம்ம மலைக்குக் கீழேயே நடந்தது. ஒரு கோல் பின்னால் என்றால் மேலே சொன்ன 60-ஆம் நிமிஷ மாற்றத்தை 55-க்குக் கொண்டுவாருங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

நீங்கள் 20-ஆம் நிமிஷத்தில் அடித்துவிட்டால்? இதுதான் எனக்கு அதிகப் பயம் தரும் நிலை. பையன்கள் தானாகப் பாக்ஸுக்குள் இறங்கிவிடுவார்கள், அங்கே போனால் என்ன ஆகும் என்று சொல்லியாயிற்று. கேப்டனின் ஒரே வேலை கோட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பது.

சிவப்பு கார்டு வாங்கினால் 4-4-1, முன்னால் வேகமானவன் மட்டும், மிச்சம் நின்ற பந்து. ரெஃப்ரியிடம் கேப்டன் மட்டும் பேச வேண்டும், அதுவும் "சார்" என்று ஆரம்பித்து. நேரம் வேண்டியது நமக்கு என்பதை மறந்து கீப்பர் பந்தைக் கட்டிப் பிடித்துப் படுத்துக்கொள்ளக் கூடாது. 2025-இல் வந்த விதிப்படி கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிராளிக்குக் கார்னர்.

80-க்கு மேல் நீங்கள் முன்னிலைக்கு வந்துவிட்டால் முன்னால் அனுப்பின ஸ்டாப்பரை உடனே பின்னால் கூப்பிடுங்கள், கொண்டாட்டத்தில் இதைத்தான் மறப்பார்கள். ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள் கார்டு, ஏற்கெனவே ஒன்று வாங்கியவன் கழற்றினால் பத்துப் பேர்தான் மிச்சம், இதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். பந்து கிடைத்தால் கார்னர் கொடிக்குக் கொண்டுபோய் இரண்டு பேர் நின்று காத்துக்கொள்ளுங்கள். விசில் ஊதியதும் மேட்ச் ஷீட்டில் கேப்டன் கையெழுத்துப் போடும் முன் ஸ்கோரும், கோல் அடித்தவன் பெயரும், கார்டுகளும் சரியாக எழுதியிருக்கிறதா என்று மேனேஜர் ஒருமுறை வாசிக்கட்டும், முடிந்தால் போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம் இருட்டுவதற்குள் வண்டியைக் கிளப்புங்கள், பைக்காரா தாண்டினால் பனி இறங்கிவிடும்.